சாரலில் கரைந்த ஜிமிக்கி

ஐந்தருவி ரோட்டில் கடை விரித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கள் ஜிமிக்கி அத்தனையும் கூழாகிவிட்டது. சீசன் நேரத்துக் குற்றாலத்தில், சாரல் அடிக்கிற இடத்தில், பேப்பர் ஜிமிக்கி விற்கப் போன ஒரே கிராப்ட் டீச்சர் நானாகத்தான் இருப்பேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற டீச்சர்மார் நல்லாச் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்துப் போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இது அதற்கு முந்தின சீசனில் நடந்தது. எங்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு கிராப்ட் பீரியட், வெள்ளிக்கிழமை கடைசி மணி. அந்த ஒன்றின் மேலும் கணக்கு டீச்சருக்குக் கண். "பிள்ளைக பேப்பரச் சுருட்டிக்கிட்டு இருக்குதுக. அந்த நேரம் ரெண்டு சம் போடலாம்லா" என்று ஹெச்.எம். காதில் ஓதிக்கொண்டே இருப்பார். ஹெச்.எம். கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை குத்தாலத்துல கடை போடுங்க. பிள்ளைக செஞ்சது விலை போச்சுன்னா பீரியட் உங்களுக்கு. போகலைன்னா கணக்குக்கு."

விடுவேனா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, எனக்கு ரொம்பப் பிடித்த பேப்பர் ஜிமிக்கியைச் செய்யச் சொன்னேன். மாரிச்செல்வி மட்டும், "டீச்சர், சாரல்ல நனையாதா?" என்றாள். கடையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, வார்னிஷ் அடிச்சிருக்குல்லா? நீ பெரிய விஞ்ஞானி, போய் ஒட்டு" என்று அவள் வாயை அடைத்தேன். அந்த ஈரக்காற்றில் வார்னிஷ் காயவே இல்லை என்பது கடை போட்டபிறகுதான் தெரிந்தது.

ஐந்து பிள்ளைகள், ஒரு மேஜை, மேலே சிவப்பும் பச்சையுமாகக் கூழ். பீரியட் போச்சே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி சாயம் ஒட்டின விரலைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

அப்போது ஒரு அண்ணாச்சி எங்கள் முன்னால் வந்து நின்றார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையாம். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு. கார்ச் சாவியை இடுப்பில் செருகுகிறார், எடுக்கிறார், பல்லில் கவ்விப் பார்க்கிறார். "பிள்ளைகளா, இந்தச் சாவிய செத்த வச்சிருக்கியளா? குளிச்சிட்டு வந்திருதேன்."

"எங்ககிட்ட எதுக்கு அண்ணாச்சி? உங்க கழுத்துலயே தொங்கட்டும்" என்றாள் மாரிச்செல்வி.

விற்கிற ஜிமிக்கியைச் சுற்றிக்கொடுக்கக் கொண்டுபோயிருந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து வெட்டினாள். மடித்தாள், பஞ்சிங் மெஷினால் ஓரமெல்லாம் ஓட்டை போட்டாள். என் பையில் எப்போதும் கிடக்கிற கூடை ஒயரை உருவி ஓட்டைகளில் கோத்து, மேலே ஒரு நெல்லிக்காய் முடிச்சு. அஞ்சே நிமிஷத்தில் கழுத்தில் மாட்டுகிற ஒரு குட்டிப் பை தயார். "சாவிக்கு மட்டுந்தான் கேரண்டி அண்ணாச்சி. போன வச்சிராதீய!"

அண்ணாச்சி அருவிக்குள் ஆடிவிட்டுச் சாவியோடு திரும்பினார். வரும்போது பின்னால் ஒரு வேன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் காசு கொடுத்துப் பை வாங்கினார்கள். ஒருத்திக்குக் கொலுசு, ஒருத்திக்கு மூக்குத்தி, ஒரு பெரியவருக்குப் பல்செட். "பல்லுக்குத் தனி ரேட்டா பாப்பா?" என்று அவர் பொக்கை வாயால் கேட்டதும் பிள்ளைகள் மேஜைமேல் விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பஞ்சிங் வேலைதான் கிடைத்தது. "டீச்சர், ஓட்டை கோணுது!" என்று மாரிச்செல்வி அதட்ட, "சரிட்டி, சரிட்டி" என்று திருத்திப் போட்டேன். இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

ஷீட் தீரப்போகிற நேரத்தில் ஒரு அம்மா ஈரத்தலையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினார். "ஏம்மா, இத வைக்க ஒண்ணு தாயேன். கண்ணாடி இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது." சாட்சாத் எங்கள் கணக்கு டீச்சர்! குடும்பத்தோடு குளிக்க வந்திருக்கிறார். எதிரே நிற்பது யாரென்றே தெரியவில்லை.

மாரிச்செல்வி பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "தந்துருதேன் டீச்சர். வெள்ளிக்கிழமை பீரியட்?"

டீச்சர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பஞ்சிங் மெஷினைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். "அட பாவி மக்கா! பீரியட நீங்களே வச்சுக்கோங்கட்டி. முதல்ல பையத் தா, அங்கன என் வீட்டுக்காரர் கத்துதாரு!"

இதில் நான் கற்றது ஒன்றுதான். நம் சரக்கில் குறை சொல்கிற பிள்ளைதான் நமக்கு முதல் கஸ்டமர், அவள் வாயை அடைத்தால் கடையை மூடவேண்டியதுதான்.

மறு வெள்ளிக்கிழமை, கடைசி மணி. புதிதாக ஒரு துணிப்பையைத் தூக்கிக் காட்டினேன். "இதுல என்ன கோளாறு இருக்கு, சொல்லுங்கட்டி" என்றேன். நான் வகுப்பில் ஒருநாளும் கேட்காத கேள்வி. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கையும் எழும்பியது.

மாரிச்செல்வி ரெண்டு கையையும் தூக்கியிருந்தாள்.