மீன் சட்டியில் ஓர் இட்லித் தட்டு

எங்கள் வீட்டு இட்லி ஸ்டாண்டில் மூன்று தட்டுகள்தான் இருக்கின்றன. நான்காவது தட்டு அடுப்புக்குக் கீழே அலமாரியில், அகலமான ஒரு சட்டிக்குள் தனியாகக் கிடக்கிறது. அமெரிக்காவில், எடிசனில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிற ஆன்ட்டிகள் யாராவது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதை எடுத்து ஸ்டாண்டில் மாட்டப் போவார்கள். நான் பாய்ந்துபோய்ப் பிடுங்கிவிடுவேன். "அது மீன் தட்டு ஆன்ட்டி" என்றால் யாருக்கும் புரிவதில்லை. என் கொழுந்தனைத் தெரிந்தால்தானே புரிய!

கொழுந்தன் என் கணவரின் ஒரே தம்பி. ஜப்பானில் யோகோஹாமாவில் சில வருடம் ஆன்சைட் இருந்துவிட்டு, பிறகு ஜெர்சி சிட்டிக்கு வந்து ஒரு வங்கியில் கான்ட்ராக்டராக இருந்தான். ஒருநாள் காலையில் ப்ராஜெக்ட் முடிந்தது என்று சொல்லி லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் இரண்டு மாதம் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் மாடியறைக்கு வந்து சேர்ந்தான். அழவில்லை, புலம்பவில்லை. நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அப்ளை பண்ணிக்கொண்டிருந்தான். முதல் வெள்ளிக்கிழமை மாலை இறங்கி வந்து, "அண்ணி, இன்னிக்கு நான் சமைக்கட்டுமா?" என்று கேட்டான். என் சமையலறையில் இன்னொருவர் கரண்டி பிடிப்பது எனக்கு ஆகாது. ஆனால் வேலை போய் வந்து நிற்பவனிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது?

கொரியன் கடையிலிருந்து ஃப்ளவுண்டர் வாங்கி வந்தான். நம் ஊர் நாக்கு மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போலத் தட்டையாக இருக்கும். அவன் இஞ்சி நறுக்கத் திரும்பிய நேரத்தில் நான் பழக்க தோஷத்தில் மீன் துண்டுகளுக்கு மஞ்சளும் உப்பும் பூசிவிட்டேன். கடலூர்க்காரி கையில் மீனைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? "ஐயோ அண்ணி!" என்று அலறிவிட்டு எல்லாவற்றையும் கழுவினான். மீன்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசினான். கவிச்சி போக அதுதான் அவர்கள் வழியாம். அப்புறம் சட்டியில் சோயா சாஸ், தண்ணீர், சர்க்கரை, இஞ்சி, கொஞ்சம் சாகே. சாகே என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்கிற மது. புளி கிடையாது, மிளகாய் கிடையாது. "தம்பி, இது கொழம்பா, கஷாயமா?" என்றேன். அவன் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

தேடியது ஒரு மூடியை. ஜப்பானில் இதற்கென்றே சட்டியின் வாயைவிடச் சிறிய மரமூடி உண்டாம். அது விளிம்பில் உட்காராமல் மீன்மேலேயே படுத்துக்கொள்ளும். கொதித்து எழுகிற சாறு அதில் முட்டி, மீனின் முதுகு முழுக்கப் பரவும். அதனால் மீனைத் திருப்ப வேண்டாம், கரண்டியே போட வேண்டாம், உடையாது. அவனுடைய மூடி யோகோஹாமாவிலேயே தங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தவன் என் இட்லித் தட்டு ஒன்றைக் கழற்றி மீன்மேல் வைத்துவிட்டான். கனமில்லை, ஆவி போக ஓட்டைகளும் இருக்கின்றன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்தபோது மீன் பழுப்பாக மினுங்கியது, மேலே வட்டம் வட்டமாக இட்லிக் குழியின் அச்சு. என் மீன் குழம்பு வாசனை வந்தாலே மாடிக்கு ஓடுகிற மகள் சோற்றில் பிசைந்து தட்டை வழித்தாள். "சித்தப்பா, திஸ் இஸ் சோ குட்! அம்மா, யூ ஷுட் லேர்ன் திஸ்" என்றாள். என் வயிறு எரிந்ததை மறைப்பானேன்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவிச்சி கிடையாது. கணவர் குளித்து, நாமம் இட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "ஏய், இட்லில என்னடி மீன் வாசன?" என்றார். நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து கொழுந்தன் ஓடி வந்தான். அந்தத் தட்டை அவன் கையில் திணித்து, "இனிமே இது உன் தட்டு. வேற எதையாவது தொட்ட, கையை உடைச்சிடுவேன்" என்றேன். அவன் சிரித்தான். வேலை போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அந்த மீன்தான். நானும் விடாமல் பக்கத்தில் நிற்பேன். என்னால் சும்மா நிற்க முடியாது. தட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும், ஒரு புரட்டுப் புரட்டத் தோன்றும். "தொடாதீங்க அண்ணி, அது பாட்டுக்கு வேகட்டும்" என்பான். வேலை விஷயத்திலும் எனக்கு அதே அரிப்புதான். கோயிலில் பார்க்கிற ஒவ்வொரு அங்கிளுக்கும் அவன் ரெஸ்யூமே அனுப்பினேன். ஒவ்வொரு கால் முடிந்ததும் மாடிப்படி அடியில் நின்று என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் கோபப்பட்டதே இல்லை. "பாக்கலாம் அண்ணி" என்பதோடு சரி.

அவகாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு கம்பெனியில் கடைசி ரவுண்டு வரை போய்விட்டான். அன்றும் வெள்ளிக்கிழமை. மீன் அடுப்பில் ஏறிய பிறகு, இப்போதே பேச முடியுமா என்று அழைப்பு வந்தது. "சாறு சுண்டினதும் ஆஃப் பண்ணிடுங்க. தட்ட மட்டும் தூக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாடியில் அவன் குரல் ஏறி இறங்கியது, நடுவில் ஒரு சிரிப்பும் கேட்டது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பாயசத்துக்குச் சேமியா இருக்கிறதா என்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தேன். சாறு சுண்டியது, அணைத்தேன். தட்டைத் தொடவில்லை.

இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே சட்டியிடம் போய்த் தட்டைத் தூக்கினான். "ஒண்ணுகூட உடையல அண்ணி" என்றான்.

"வேலை?" என்றேன்.

"எல்லாம் ஓகேதான். ஆனா விசா ட்ரான்ஸ்ஃபர் பண்ண மாட்டாங்களாம். கிரீன் கார்டு இருந்தா மன்டேவே ஜாயின் பண்ணலாமாம்."

சாப்பிட உட்கார்ந்தோம். மகளுக்கு ஒன்றும் தெரியாது, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அவன்தான் எழுந்து போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனை ஊருக்கு வழியனுப்பிய நெவார்க் விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீடு திரும்பி மாடியறைக்குப் போனேன். போர்வை மடித்திருந்தது, குப்பைக்கூடை காலி, குளியலறையில் அவன் சோப்புகூட இல்லை. இரண்டு மாதம் ஒரு ஆண்பிள்ளை இருந்த அறை என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை காலை இட்லி ஊற்ற ஸ்டாண்டை எடுத்தால் நான்கு தட்டுகள் இருந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். பளபளவென்று இருந்த ஒன்றில் மட்டும் லேசாகப் புளி வாசனை. ஓட்டைகளில்கூடக் கறை இல்லாமல் புளி போட்டுத் தேய்த்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். கணவர் பதறிப்போய் வந்தார். "உங்க தம்பி தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போயிட்டான்" என்றேன்.

இப்போது அவன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். அமெரிக்கா பேச்சை எடுத்தால் "பாக்கலாம் அண்ணி" என்பான். வெள்ளிக்கிழமைகளில் மீன் வைப்பது நான்தான். மஞ்சள் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். மகள் ஹைஸ்கூல் போகிறாள், இன்னமும் அதைச் சித்தப்பா ஃபிஷ் என்றுதான் சொல்கிறாள். அந்தத் தட்டை நான் புளி போட்டுத் தேய்ப்பதில்லை, சும்மா அலசிச் சட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். நாங்கள் மூன்று பேருக்கு மூன்று தட்டு இட்லி போதும். அவன் என்றைக்கு வந்தாலும் அவனுடைய தட்டு இந்த வீட்டில் மீன் வாசனையோடு இருக்க வேண்டும்.