இறங்காத சுமை

கல்லில் வெட்டியிருப்பது இது: "வெகுதானிய வருடம், தை மாதம். வழிநடப்போர் சுமை இறக்க." அதற்குக் கீழே என் அக்காவின் பெயர், அதை இங்கே எழுதவில்லை. ஆங்கிலக் கணக்கில் 1939-இன் தொடக்கம். அக்கா இறந்தது அதற்கு முந்தைய ஐப்பசியில். கல்லில் இருப்பதுதான் அவள் இறந்த மாதம் என்று உறவினர் சிலர் இன்னமும் சொல்லிவருகிறார்கள். அது தவறு.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் திருச்சிக்குத் தெற்கே. எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டதால் வண்டி கட்டி இங்கே திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல மழை. சாலையை அறுத்துக்கொண்டு ஓடிய தண்ணீர் வடியட்டும் என்று ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கேயே போய்விட்டாள்.

பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு இறந்தவள் சுமையோடு போனவள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் பெயரில் வழியோரம் இரண்டு கல் நட்டு, மேலே தோளுயரத்தில் ஒரு கல்லைப் படுக்கவைப்பார்கள். அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர்கள் கை கொடுக்க ஆளில்லாமலே அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஒரு சுமை இறங்கும்போதெல்லாம் செத்தவளுடையதும் கொஞ்சம் இறங்கும். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்பதை விட்டுவிடுவோம். அம்மாவுக்கு இருந்தது. தென்னூரில் எங்கள் வீட்டுக்கு விறகு போட வரும் பெண்ணிடம், "இன்னைக்கு அங்க எறக்குனியா?" என்று கேட்ட பிறகுதான் அம்மா காசு கொடுப்பாள்.

1942 கோடையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை ஜனங்கள் ரயில் ரயிலாக இங்கே வந்து இறங்கினார்கள். ஆடி மாதம் அக்காவின் கல் இருந்த சாலைக்குச் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். வளைவில்லாத நீண்ட பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரு புறமும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். விமான நிலையம் குண்டுக்கு இரையானால் பட்டாளத்து விமானங்கள் இந்தச் சாலையில் இறங்குமாம். புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், தந்திக் கம்பங்களைப் பிடுங்கினார்கள். அக்காவின் கல் கோட்டுக்கு உள்ளே அகப்பட்டது.

அந்த வேலையைப் பார்த்த ஓவர்சியர் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். அவரைப் பார்க்க அப்பா கிளம்பியபோது விறகுக்காரப் பெண் வாசலில் நின்றிருந்தாள். இனி அந்தப் பக்கம் நடந்து போகக் கூடாது, ஏரிக்கரை வண்டிப்பாதையில்தான் சுற்றிப் போக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டார்களாம்.

"ஏரோப்ளேன் வந்து எறங்கலாமாம், நாங்க எறக்கக் கூடாதாம்க்கா" என்றாள் அம்மாவிடம்.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். "கல்லை ஏரிக்கரையில வைக்கச் சொல்லுங்க. சனம் நடக்குற எடத்துல இருக்கட்டும்."

"அவ உசுரு போன எடம் அது. அதை விட்டுட்டு எங்கயோ கொண்டுபோய் வைக்கிறதா?"

"எடத்துலயா இருக்கா அவ?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நிலம் என்று எல்லைகளைப் படியெடுத்தே முதுகு வளைந்தவர். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்கு அது என்ன என்பதும்.

ஓவர்சியர் நல்ல மனிதர். எங்கள் துரதிர்ஷ்டம் அதுதான். துரத்திவிட்டிருந்தால் வேறு வழி யோசித்திருப்போம். "மிலிட்டரிக்காரா மரத்தையே விடலை, கல்லை விடுவாளா? ஒண்ணு பண்றேன். எங்கே நடணும்னு சொல்லுங்கோ, ஆளை விட்டு நட்டுத் தரேன்" என்றாராம். அதே இடம், கோட்டைத் தாண்டி நாலடி பின்னால், அதே கிழக்குப் பார்வை என்று அப்பா கேட்டார். கேட்டபடியே நட்டுக் கொடுத்தார். எங்கள் குடும்பம் சர்க்காரிடம் கேட்டு அப்படியே கிடைத்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு கல் மொட்டை வெயிலில் நின்றது. சாலைக்குக் காவல் போட்டிருந்தார்கள். சுமைக்காரர்கள் ஏரிக்கரையோடு போனார்கள். அங்கிருந்து பார்த்தால் கல் தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, அம்மா விறகுக்காரப் பெண்ணின் விறகுச் சுமையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அதற்கு முன் அவள் தலையில் குடம்கூட வைத்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் நானும் பின்னால் போனோம். கல் கண்ணில் பட்ட இடத்தில் காவல்காரன் மறித்தான். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவன் கோபப்படவில்லை. "யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவும்மா. திரும்பிப் போங்க" என்றான். அப்பா சுமையைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கை நீட்டினார்.

"நீங்க தொடாதீங்க" என்றாள் அம்மா.

தென்னூர் வரும்வரை அவள் அதை எங்குமே இறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவோடு அந்தக் கல்லைப் பற்றி அவள் பேசியதும் இல்லை. போர் முடிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

எந்த விமானமும் அங்கே இறங்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் என் குறிப்பில் அப்படியே எழுதிவைத்திருந்தேன். 1946-இல், பொன்மலை ரயில்வே பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். போர்க்காலத்தில் அந்தச் சாலையைச் செப்பனிடும் கூலி வேலையில் இருந்தவர். ஒரே ஒரு தடவை, எஞ்சின் கோளாறால் ஒரு சின்ன விமானம் அங்கே இறங்கியது என்றார். ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையன் தள்ளாடி இறங்கி, முதுகில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றானாம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, "கனமா இருந்துச்சா அது?" என்று கேட்டாள்.

கனமாகத்தான் இருந்திருக்கும் என்றார் அவர். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரோ என்னவோ.

ஸ்ரீரங்கத்துக்குப் போய் ஓவர்சியரைக் கேட்டேன். அப்படி எதுவும் தன் காதுக்கு வரவில்லை என்றார். அந்நாளைய பத்திரிகைகளிலும் தேடினேன். அப்படி இறங்கியிருந்தாலும் அப்போது அச்சிட விட்டிருக்க மாட்டார்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று பொன்மலைக்காரருக்கும் நினைவில்லை. ஆகவே அந்தச் சாலையில் ஒரு விமானம் இறங்கியது என்பதும், கல்லின் மேல் ஒரு சுமை வைக்கப்பட்டது என்பதும் இதுவரை உறுதிப்படவில்லை.