செண்பகம் சேவலாம்

எங்கள் நாவலூர் அபார்ட்மென்ட்டில் கோழி வளர்ப்பது நான் மட்டும்தான். “பெட்டைன்னா வச்சுக்கோ. கூவுச்சுன்னா ஞாயித்துக்கிழமை குழம்பு” என்று செண்பகத்தைக் குஞ்சாக வாங்கிய அன்றே அப்பா சொல்லிவிட்டார்.

இந்த வாரம் செண்பகத்தின் கொண்டை திடீரென்று சிவந்துவிட்டது. பயந்துபோய் இன்று சாயங்காலம் கறிக்கடை அண்ணனிடம் தூக்கிப்போனேன்.

“இன்னா பாப்பா, வெட்டணுமா?”

“இல்லண்ணா. இது சேவலா, பெட்டையா?”

வாலுக்கு மேலே இறகை விரித்துக் காட்டினார். “பெட்டைக்கு முனை உருண்டையா இருக்கும். இதுக்குப் பாரு, ஊசி மாதிரி கீது. சேவல்தான்.”

“எப்போ கூவும்?”

“அது இஷ்டம். நாளைக்கேகூட கூவும்.”

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போர்வைக்குள் ஒளிந்து இதை எழுதுகிறேன். செண்பகம் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகிறான்.

பெட்டியை இருட்டாகவே வைத்திருந்தால் சேவலுக்கு விடிந்தது தெரியுமா, தெரியாதா? தெரிந்தவர்கள் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்.