வளைகாப்புப் படத்தின் இடது ஓரம்

படம் எடுக்கும்போது நான் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பேன். யாரும் என்னைத் தள்ளி நிறுத்தியதில்லை. நானே போய் நின்றுகொள்வேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கேயும் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நாலு பேர் பார்க்க நிமிர்ந்து நிற்பது கடைசிவரை எனக்கு வரவேயில்லை.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். கூட வேலை செய்த வடநாட்டுக்காரர் ஒருவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகும்போது ஒரு கேமராவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸில் இருக்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு ஆளும் நகர்ந்து வந்து ஒருவராக ஒட்டிக்கொள்வார்கள். அப்போது அழுத்தவேண்டும். லென்ஸ் சின்னது, ஜாதிக்காய் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அகலமாகப் பார்க்கும். குவார்ட்டர்ஸில் எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. அதில் எட்டுப் பேர் நின்றாலும் சுவரோடு சேர்த்துப் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் பிளாக்கில் யார் வீட்டிலாவது அவரைக் கூப்பிடுவார்கள்.

அந்த நாள் படங்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நான் ஓரத்தில்தான். ஆனால் தெளிவாக இருக்கிறேன். என் புடவைத் தலைப்பில் குத்திய ஊக்குகூடத் தெரிகிறது. ஓரத்தில் நிற்பதால் ஒரு குறை வரும் என்று அந்தப் படங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கேமராவின் ஷட்டர் துரு ஏறிப் பிடித்துக்கொண்டது. லென்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. என் மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். ஆவடி, பூந்தமல்லி பக்கம் மண்டபங்களுக்குப் போவான். அவனிடம் இருந்த புது மாதிரிக் கேமராவில் ஒரு வளையத்தை மாட்டி அப்பாவின் லென்ஸை அதில் பொருத்தினான். முன்பெல்லாம் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்குமாம், அது இடிக்குமாம். இப்போது வருகிறதில் அந்தக் கண்ணாடி கிடையாது, அதனால் இந்த லென்ஸ் உள்ளே போய் உட்கார இடம் இருக்கிறது என்றான். படமும் நன்றாகவே வந்தது.

போன வருடம் அதைவிடப் பெரிய கேமரா ஒன்று வாங்கினான். அதற்குள்ளே படம் விழுகிற தகடு முழு ஃபிலிம் அளவுக்கு இருக்கும். அவனுடைய முந்தின கேமராவின் சின்னத் தகடு லென்ஸ் பார்ப்பதில் நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஓரத்தை வெட்டிவிடும். இப்போது அப்பா எப்படிப் பார்த்தாரோ அப்படியே முழு அகலமும் கிடைக்கும் என்று ஆசையாகப் பொருத்தினான்.

சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் நின்று எதிர் வீட்டு வேப்பமரத்தை எடுத்தான். படத்தின் நடுவில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் யாரோ ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி இருந்தது. வெள்ளைச் சுவர் ஓரத்தில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

ஏன் இப்படி என்று கேட்டேன். எனக்குப் புரியாது என்று அவன் ஒரு நாளும் விட்டதில்லை. இந்த லென்ஸின் பின்பக்கம் தகட்டுக்கு மிகவும் கிட்டே போய் உட்கார்கிறது. அதனால் நடுவில் வெளிச்சம் நேராக விழுகிறது, ஓரத்துக்குச் சாய்ந்து போகிறது. ஃபிலிம் சாய்ந்த வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். இந்தத் தகட்டின் மேல் ஒரு கண்ணாடி மூடியிருக்கிறது, சாய்ந்து வருவது அதில் கலைந்துவிடுகிறது என்றான். மாடியில் மழைத் தண்ணீருக்கு வைக்கிற குடத்தை நினைத்துக்கொண்டேன். நேராக விழுகிற மழை உள்ளே போகும். சாரல் கழுத்தில் பட்டு வெளியே வழிந்துவிடும்.

கத்தரிப்பூ நிறத்துக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அதே வெளிச்சத்தில், லென்ஸுக்கு முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து வெறும் வெள்ளையாக ஒரு படம் எடுப்பான். பிறகு கம்ப்யூட்டரில் அந்த வெள்ளையை வைத்து ஓரத்து நிறத்தைக் கழித்துவிடுவான். மூடி பிடிப்பது என் வேலை. ஒரு மாதம் பிடித்திருப்பேன். நிறம் போய்விடும். இழுபட்டது மட்டும் போகாது. லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கினால் கொஞ்சம் அடங்கும், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். வீட்டுக்குள் நடக்காது. ‘ஓரத்துல ஆளு மட்டும் நிக்கக் கூடாது, அவ்ளோதாம்மா’ என்று முடித்துக்கொண்டான். எங்கள் வீட்டில் அவனுக்கு அடுத்தபடியாக இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் மகள் அவனுக்கு மூத்தவள். கல்யாணமான நாலாவது வருடம் அவள் புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். பிள்ளை இல்லை. எங்களிடமே வந்துவிட்டாள். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. காலையில் ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பாள். அவள் கையில் இருந்தது பட்டன் போன். படம் எடுத்துக்கொள்வதை அடியோடு விட்டுவிட்டாள். தம்பி கேமராவைத் தூக்கினால் கையில் இருக்கும் தட்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். என் கூச்சம் பிறவியிலேயே வந்தது. அவளுடையது பிறகு வந்தது.

மருமகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு எங்கள் வீட்டு ஹாலிலேயே வைத்தோம். முந்தின நாள் என் மகள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாள். தான் வாங்கியது என்று யாரிடமும் சொல்லவேண்டாம், தட்டில் மற்ற வளையலோடு கலந்துவிடு என்றாள். கலந்துவிட்டேன்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் அடுக்களையை விட்டு வரவில்லை. பெண் வீட்டார் கொண்டு வந்த புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, பாயசத்துக்குச் சூடு காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்படியிருந்தும் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, மருமகளுக்குச் சித்தி முறை, என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. நல்ல காரியம் நடக்குது. உங்க பொண்ணு உள்ளயே இருந்துக்கினா நல்லாருக்கும்.”

நான் தலையாட்டினேன். என் நெற்றியும் வெறும் நெற்றிதான். ஆனால் வயதானதால் எனக்கு மன்னிப்பு உண்டு. மாப்பிள்ளையின் அம்மா என்று நாற்காலியே போட்டிருந்தார்கள். என் மகளுக்கு முப்பத்தாறு வயது.

எல்லோரும் வளையல் போட்டு முடித்தார்கள். மகன் அதுவரை வேறு லென்ஸில்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் படங்கள் எதிலும் அவள் இல்லை. கடைசியாக, குடும்பப் படம் ஒன்று அப்பா லென்ஸில் எடுக்கலாம், அப்பாவும் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லி அதை மாட்டினான். நான் வழக்கம்போல இடது ஓரத்துக்கு நகர்ந்தேன். அவன் என் தோளைப் பிடித்துக் கொண்டு வந்து நடுவில், மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். இரண்டு ஓரத்திலும் இடம் விட்டு எல்லோரையும் நெருக்கமாக நிறுத்தினான். நடு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்பினான். அவனும் படத்தில் இருக்கவேண்டும் என்பதால் பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்து அழுத்திவிட்டு, அடுக்களைப் பக்கம் பார்த்து, “யக்கா, அப்பா லென்ஸு. வந்து நில்லு,” என்று குரல் கொடுத்தபடி ஓடி வந்து மனைவிக்குப் பின்னால் நின்றான்.

அவள் வந்தாள். அப்பா லென்ஸ் என்றதால் வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, காலியாக இருந்த இடது ஓரத்தில், சுவரோடு சுவராக நின்றாள். அது என் இடம்.

கேமராவில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அங்கே நின்றால் முகம் கலைந்துபோகும் என்று எனக்குத் தெரியும். ‘உள்ள வா பாப்பா’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது. அப்படிச் சொன்னால் அவள் வந்து என் பக்கத்தில், மருமகளுக்கு அருகில் நிற்பாள். அந்தச் சித்திக்காரி பார்ப்பாள். பத்துப் பேரும் என் பக்கம் திரும்புவார்கள். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். விளக்கு வேகமாக மின்னியது, சத்தம் கேட்டது, முடிந்துவிட்டது. அவள் பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது மகன் தலையில் அடித்துக்கொண்டான். மருமகள் கையில் ஒவ்வொரு வளையலும் தெரிந்தது. என் முகச் சுருக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஓரத்தில் புடவை நிறத்தில் ஏதோ இழுபட்டு நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் நீளமாகக் கரைந்த ஒரு வெளிச்சம்.

என் மகள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். “இன்னாடா இது, அப்பளம் மாதிரி வாட்டி வச்சிகீற. என் மூஞ்சிக்கு இது போதும், போ.”

“ஓரத்துல ஏன்க்கா நின்ன?”

“கூப்புட்டியே, வந்தேன். அடுத்த வாட்டி நடுவுல நிக்கிறேன். கொழந்த பொறக்கட்டும், நான் தூக்கிக்கினு நிக்கிறேன், எடு.”

அந்த வருடம் ஐப்பசி மழை விட்டதும் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். என் மகளுக்கும் வந்தது. நான்கு நாள்தான் தாங்கினாள். குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். டிரங்குப் பெட்டிப் படங்களில் அவள் பாவாடை கட்டிய சின்னப் பெண். கல்யாண ஆல்பம் அவள் மாமியார் வீட்டோடு போனது, கேட்டதற்கு இல்லை என்றுவிட்டார்கள். கம்பெனி அட்டையில் இருந்தது வியர்வை பட்டு வெளுத்துப் போயிருந்தது. ஆதார் அட்டையில் இருப்பது யார் முகமோ. கடைசியில் அந்த வளைகாப்புப் படம்தான் இருந்தது.

மகன் மூன்று நாள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. கத்தரிப்பூ நிறத்தை எடுத்துவிட்டான். அவள் தோலின் நிறம் அப்படியே வந்தது. நிறம் அவளுடையதுதான், முகம்தான் இல்லை. விழாத வெளிச்சத்தை எங்கேயிருந்து கொண்டுவருவேன் என்று அவன் அழுதான்.

பேனர் அடிக்கும் கடைக்காரர் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போது கம்ப்யூட்டரே முகத்தைத் தெளிவாக்கித் தந்துவிடுமாம். தந்தது. கண், மூக்கு, உதடு எல்லாம் செதுக்கிய மாதிரி ஒரு பெண். நல்ல அழகு. என் மகளுக்கு இடது புருவத்தில் சின்ன வயதில் அம்மிக் கல்லில் விழுந்த வெட்டு ஒன்று உண்டு. அது அந்தப் பெண்ணுக்கு இல்லை. பல் வரிசையும் அவளுடையது இல்லை. எனக்கு அவளைத் தெரியாது. வந்தவர்களெல்லாம் சாட்சாத் அவளேதான் என்றார்கள். அந்தச் சித்திக்காரியும் வந்து படத்தைத் தொட்டுக் கும்பிட்டு அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள்.

அந்தப் படம்தான் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. தினமும் விளக்கேற்றிப் பூ வைக்கிறேன். யாரோ ஒரு பெண்ணுக்குப் பூ வைக்கிறேன். கண்ணை மூடினால் முன்பெல்லாம் என் மகள் முகம் வரும். இப்போது சில நாள் இந்தப் பெண் வந்து நிற்கிறாள்.

மகன் அப்பாவின் லென்ஸைக் கழற்றி டிரங்குப் பெட்டியில், பழைய படங்களுக்கு அடியில் வைத்துவிட்டான். தப்பு என்னுடையது, ஓரத்தைப் பார்க்காமல் அழுத்தினேன் என்று எல்லோரிடமும் சொல்வான். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வாய் வராது.

ஆனால் விடுமுறை நாளில் அந்த முழுப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். எப்போதும் ஓரத்தைத்தான் பெரிதாக்குவான். நடுவைப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. அதனால் நான் தைரியமாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தை அவன் மடியில் இருந்து கையை நீட்டி எதையோ தட்டியது. படம் நகர்ந்து என் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. எல்லோரும் கேமராவைப் பார்த்திருக்க, என் கண் மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது. கருவிழி ஓரத்துக்குப் போயிருப்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

“எங்கம்மா பாத்துக்கினு இருந்த?”

“லைட்டு கண்ணு கூசுச்சுப்பா,” என்றேன்.

அவன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படத்தை மறுபடி ஓரத்துக்கு நகர்த்தினான்.