எழுபதாயிரம் சொன்ன கேமரா

விற்க மனசில்லாதவன் விலை சொன்னால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், 2010 கோடையில் நான் சொன்ன விலையைக் கேட்டிருக்க வேண்டும். எழுபதாயிரம். நாலு வருஷம் என் கழுத்தில் தொங்கி, வார் நைந்து, மூலைகளில் கறுப்புப் பூச்சு உதிர்ந்துபோன ஒரு டிஜிட்டல் கேமராவுக்கு எழுபதாயிரம் ரூபாய். நான் அதை வாங்கியதே ஐம்பதுக்குத்தான்.

அப்போது நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. படம் எடுப்பது தொழிலில்லை, கிறுக்கு. 2006-இல் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. சேமிப்பும் போனஸும் சேர்ந்து பாதிப் பணத்துக்குத்தான் வந்தன. மீதிக்கு என் மனைவி இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். சும்மா வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"நீ பி.எட். சேர்றப்ப இத வித்தாவது உன்ன சேத்துடறேன்."

அவள் கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். டீச்சராக வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே ஆசை. கல்யாணம், குழந்தை என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அன்று அவள் சிரித்துவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிஜிட்டல்தான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் கேமரா மாதிரி ஒரு நெம்புகோலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். இழுப்பதற்கு உள்ளே ஃபிலிம் கிடையாது. மேலே கடிகாரம் போல முட்கள், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும். லென்ஸ் வழியாகப் பார்க்கிற வகை இல்லை, ரேஞ்ச்ஃபைண்டர். ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதில் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம், அதற்குள் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான அந்த நொடியில் எனக்கு ஏற்படுகிற சந்தோஷத்தை வேறு எதுவும் தந்ததில்லை என்று அப்போது சத்தியமே செய்திருப்பேன்.

ஆனால் அதில் ஒரு வினை உண்டு. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். பின்னால் இருக்கிற சின்னத் திரையை நான் மடக்கியே வைத்திருப்பேன். பண்ருட்டியில் என் மச்சான் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில், மேடையில் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்று பதினோரு படம் எடுத்தேன். பதினொன்றும் கும்மிருட்டு. மச்சான் இன்றைக்கும் விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தால், "மாமா, மூடி?" என்றுதான் குசலம் விசாரிப்பான்.

2010 மே கடைசியில் சிதம்பரத்திலிருந்து தபால் வந்தது. பி.எட். இடம் கிடைத்துவிட்டது. ஜூன் கடைசிக்குள் பணத்தைக் கட்டி நேரில் சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்த ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். இந்த வருஷத்தை விட்டால் இனி இல்லை என்று என் மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தபாலை அவள் என் கையில் கொடுத்தாள். அவள் பார்வை அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. கேமரா அங்கேதான் இருக்கும்.

"வித்துடலாம்" என்றேன். வாய் சொன்னது.

விலை போடுவதற்கு நான் செய்த ஆராய்ச்சி இருக்கிறதே! பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டில் என்ன விலை என்று பார்த்தேன். அதை ரூபாயாக மாற்றினேன். அதற்கு மேல் சுங்கவரி சேர்த்தேன், என் கேமராவுக்கு யாரோ சுங்கவரி கட்டியது போல. லென்ஸுக்குத் தனி விலை. தோல் உறைக்குத் தனி விலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எழுபதாயிரம் வந்தது. அதையே நெட்டில் விளம்பரமாகப் போட்டேன். மனசுக்கு ஒரு நிம்மதி. இந்த விலைக்கு இந்த மாவட்டத்தில் ஒருத்தனும் வாங்கமாட்டான்.

அப்படித்தான் ஆயிற்று. முதலில் வந்தவர் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இம்மாத்தூண்டு கேமராவ மாட்டிக்கினு மண்டபத்துக்குப் போனா எனக்குப் பந்தியில எல கூட போட மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது நெய்வேலியிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர்.

"எத்தன மெகா பிக்சல்?"

"ஆறு."

"என் செல்லுலயே அஞ்சு இருக்குங்க. ஜாஸ்தி ஒண்ணுக்கா எழுபதாயிரம்?"

நான் அவனுக்கு அரை மணி நேரம் ரேஞ்ச்ஃபைண்டரின் மகிமையைச் சொன்னேன். மோர் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு போனில் கேட்டவர்களுக்கு நான் கேமராவின் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தேன். லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை மாதிரி ஒரு புள்ளி, நடுச் சதுரம் மேலும் கீழுமாக மயிரிழை விலகல், இருட்டில் எடுத்தால் சிவப்புப் பொட்டு. உண்மை பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண் கொடுக்க மனசில்லாத தகப்பன், வந்த மாப்பிள்ளையிடம் மகளுக்குக் கோபம் அதிகம் என்று சொல்வதைப் போன்ற உண்மை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இப்படி ஒருவரைப் போனில் விரட்டிவிட்டு வந்தபோது என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா, என் மாமனார், பண்ருட்டி பலா மண்டியில் தரகர். சீசனில் பழத்துக்குக் குறைவிருக்காது. அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, துடைத்த துண்டையே எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கைய குடுங்க."

மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறோமோ அதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வீம்புக்கு ஏற்றிச் சொல்லவும் வழியில்லை. கொடுத்த விரலைத் திரும்ப வாங்குகிற பழக்கமும் கிடையாது. மாமனார் மண்டியில் இப்படிக் கை கொடுப்பதை நான் படம் பிடித்திருக்கிறேன். என் கை உள்ளே போனதில்லை.

"இன்னா வெளையாட்டு இது?" என்றேன்.

"வாயால சொன்னா நீங்க ஏத்திடுவீங்க. எங்கப்பா சொல்லுவாரு, வாய் யாருக்காகவோ பேசும், வெரலு தனக்காகப் பேசும்னு. பத்தாயிரத்துக்கு ஒரு வெரலு. நெசமா இன்னா வெலக்கி போவும்னு நெனைக்கிறீங்களோ, அத சொல்லுங்க."

துண்டுக்கு அடியில் அவள் கை பலாச்சுளை வாசனையோடும் எண்ணெய் வழுவழுப்போடும் இருந்தது. மணிக்கட்டில் கண்ணாடி வளையல் என் விரலில் பட்டது. பொன் வளையல் இருந்த இடம் அது. தங்கம் அந்த நாலு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஐந்து விரலைப் பிடித்தேன், விட்டேன், கடைசியில் நாலு விரலை அழுத்தினேன்.

அவள் துண்டை உருவி உதறினாள். "நாப்பது. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு வாரம் நல்லா தூங்கியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுவாரமே சிதம்பரத்திலிருந்து ஒருவர் பேசினார். பல்கலைக்கழக லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேல வீதியில் வீடு. கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கே கல்லூரியிலும் சேர்ந்துவிடலாம் என்று இருவரும் போவதாக முடிவு செய்தோம்.

அதற்கு முதல் நாள்தான் அவள் படிவத்தை நிரப்பினாள். விண்ணப்பத்தில் காலேஜ் காலத்துப் படத்தை ஒட்டியிருந்தாள். சேர்க்கைக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் கேட்டிருந்தார்கள்.

"நீங்க எடுத்ததுல ஒண்ணு பாத்து பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள்.

சி.டி.க்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். நாலு வருஷத்துப் படங்கள். தேவனாம்பட்டினத்து அலை ஐந்நூறு இருக்கும். துறைமுகத்துப் படகு, மீன்கார அம்மாக்கள், சிதம்பரத்துத் தேர், மழையில் நனைந்த ஆட்டோ, பலாப்பழ லாரி. மகள் நிறைய இருந்தாள். மனைவி எங்கே? மகளைப் பிடித்திருக்கும் கையாக இருந்தாள். குடைக்குக் கீழே முதுகாக இருந்தாள். ஒரு படத்தில் ஓரத்தில் பாதி முகம், அதுவும் தெளிவில்லை. ஆறு மாதம் வேண்டாம், நாலு வருஷத்திலும் அவள் முகம் நேராக ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வளையலில் வாங்கிய கேமரா.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி அவளை நிற்க வைத்தேன். சாயங்கால வெயில் தணிந்திருந்தது. ஜன்னலில் கண் வைத்தேன். இரண்டு பேராகத் தெரிந்தாள். லென்ஸைத் திருப்பி ஒன்றாக்கினேன். நெம்புகோலை இழுத்து, எடுத்தேன். மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. பாஸ்போர்ட் சைஸுக்குச் சிரிக்கக் கூடாது."

"மூடியக் கழட்டுங்க மொதல்ல."

கழற்றினேன். அவள் சிரிப்பு முழுக்க அடங்கவில்லை. உதட்டை மூடிவிட்டாள், கண்ணில் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் எடுத்தேன். மஞ்சக்குப்பத்தில் போட்டோ லேபுக்குக் கேமராவின் கார்டைக் கொண்டுபோய் எட்டு பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன்.

மறுநாள் சிதம்பரம். மேல வீதிக்காரர் விஷயம் தெரிந்தவர். கேமராவை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் கோபுரக் கலசத்தைப் பார்த்து இரண்டு உருவமும் ஒன்றாகிறதா என்று சோதித்தார். "மயிரிழ தூக்கி இருக்கு, பரவால்ல" என்றார். இறங்கி வந்து, "இன்னா வெல சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நாக்கில் எழுபதாயிரம்தான் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முந்தானைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து நாலு விரலை அழுத்தினாள்.

"நாப்பதாயிரம் சார்."

அவர் கேமராவை மேசையில் வைத்துவிட்டார். "நெட்டுல எழுபதுன்னு போட்டிருந்தீங்களே. கேட்ட ஒடனே முப்பது எறங்குதுன்னா எனக்கு பயமா இருக்கு. எங்கனா கீழ விழுந்துச்சா? இந்தச் சின்ன ஸ்கிரீன்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. இதுல எடுத்த படம் ஏதாச்சும் பிரிண்டா கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவரவில்லை. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. படத்தைப் பார்த்தால் வாங்கிவிடுவாரே என்று. இப்போது அந்தப் புத்தி எனக்கே பாதகமாகிவிட்டது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. கல்லூரி ஆபீஸில் இரண்டு மணி வரைக்கும்தான் பணம் வாங்குவார்கள், அன்றுதான் கடைசி நாள். அந்த நிமிஷம் எனக்குக் கேமரா வேண்டாம், அது எப்படியாவது போனால் போதும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

என் மனைவி பையிலிருந்து படிவத்தை எடுத்து, படம் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். "இது நேத்து எடுத்தது சார். எழுபதுன்னு போட்டது அவருக்கு விக்க மனசு இல்லாம. நாப்பதுன்னு சொன்னது எனக்காக."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாக எனக்குப் பட்டது. "ஃபோகஸ் கண்ணுல சரியா நிக்குது" என்றார். பிறகு படிவத்தின் தலைப்பைப் படித்தார். பேரம் பேசவில்லை. உள்ளே போய்ப் பணத்தோடு வந்தவர், "சீக்கிரம் போங்க, ஆபீஸ் மூடிடுவான்" என்று அவரே வாசலில் ஆட்டோ நிறுத்தினார்.

ஒன்றே முக்காலுக்குப் பணம் கட்டினோம். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் கை பழக்கத்தில் கழுத்து வாரைத் தேடியது. அவள் பார்த்தாள். ரசீதை என் சட்டைப் பையில் வைத்தாள்.

பஸ் புவனகிரி தாண்டும்போதுதான் நினைவு வந்தது. கார்டு கேமராவுக்குள்ளேயே போய்விட்டது. மாடியில் எடுத்த படம் அதில்தான் இருந்தது, வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேல வீதிக்காரருக்குப் போன் போட்டேன். "அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டேனே தம்பி" என்றார் வருத்தத்தோடு. பிரிண்ட் போட்ட லேபிலும் இல்லை என்றார்கள். பிரிண்ட் எட்டில் நாலு படிவத்தோடு போயிற்று. மீதி நூலக அட்டை, பஸ் பாஸ், பரீட்சை அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று.

ஒரு வருஷம் தினமும் காலையில் ஆறே முக்கால் பஸ். மகளுக்குத் தலை பின்ன நான் கற்றுக்கொண்டேன், கோணலாகத்தான் வரும். 2012-இல் என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். தன் சம்பளத்தில் வளையல் செய்து போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு கேமரா வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வாங்கினேன். லென்ஸ் வழியாகவே பார்க்கிற வகை, மூடி மறந்தால் இருட்டாகத் தெரியும்.

அவளுடைய கல்லூரி அடையாள அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் மிஞ்சியது அது ஒன்றே. கல்லூரி முத்திரை அவள் பாதிக் கன்னத்தில் ஊதா நிறத்தில் விழுந்திருக்கிறது. கண்ணில் அந்தச் சிரிப்பு தப்பித்துவிட்டது. அந்தக் கேமராவில் நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் இது ஒன்றுதான் நல்ல படம். அதையும் அவள் கேட்ட பிறகுதான் எடுத்தேன்.