இடக்கைக்கு ஏற்ற இயந்திரம்

எங்கள் படகுக்கு இரண்டு பழைய இயந்திரங்கள் வந்து காத்திருந்தன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வுக்கு என் மனைவி ஒரே ஒரு விதியை வகுத்திருந்தாள்: கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்புபவள் அவளாகவே இருக்க வேண்டும். பக்கவாதம் வந்து ஓராண்டு கடந்தும் அவளுடைய வலக்கை தேநீர்க் கோப்பையின் கனத்துக்கு மேல் எதையும் ஏற்கவில்லை. ஆகவே வேகம், எரிபொருட் செலவு என்று பிறர் பார்க்கும் எதுவும் எங்களுக்குப் பொருட்டாக இல்லை. ஓர் இடக்கைக்கு அது இணங்குமா என்பதே கேள்வி.

படகு அவளுடையது. சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற சில நாட்களிலேயே, கோவளத்து உப்பங்கழிக் கரையில் கவிழ்ந்து கிடந்த அந்தச் சிறு மரப்படகை விலைபேசி, குட்டியானை என்று எல்லோரும் அழைக்கும் சரக்கு வண்டியில் ஏற்றி, கேம்ப் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கார் நிற்க வேண்டிய இடத்தில் படகு நின்றது. கார் தெருவில் வெயில் காய்ந்தது. உளுத்த பலகைகளை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து, பாதிப் படகைச் செப்பம் செய்திருந்தபோது நோய் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் முதலில் விசாரித்தது, படகு மழையில் நனைந்ததா என்பதைத்தான். எஞ்சிய வேலையை அவளுடைய தம்பி ஞாயிறுதோறும் வண்டலூரிலிருந்து வந்து முடித்தான். அவள் நாற்காலியில் அமர்ந்து, அவன் பூசிய வண்ணத்தில் குறை கண்டுகொண்டிருந்தாள்.

இயந்திரங்களையும் தம்பியே தேடிப் பிடித்தான். ஒன்று, கோவளத்து மீனவர் ஒருவர் பல ஆண்டுகள் கடலுக்குக் கொண்டுசென்றது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். அதன் கயிறு உள்ளேயே சுருண்டிருக்கும். இழுத்து விட்டால் தானே திரும்பிப் போய்விடும். மற்றொன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், கழற்றிப்போட்ட மின்விசிறிகளுக்கு நடுவே, தார்ப்பாயின்மேல் கிடந்தது. எங்கள் திருமணத்தைவிட வயதில் மூத்தது. அதன் தலையில் மூடி இல்லை. திறந்த சக்கரம் ஒன்று இருந்தது. சக்கரத்தின் விளிம்பிலுள்ள வெட்டில் கயிற்றின் முடிச்சை மாட்டி, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றி இழுக்க வேண்டும். தம்பி அதைத் துலக்கி, பழுது நீக்கி வைத்திருந்தான்.

என் மனம் மீனவருடைய இயந்திரத்திலேயே நின்றது. கயிற்றைச் சுற்றும் தொல்லை அதில் இல்லை. ஒரு கையை மட்டும் நம்பியிருப்பவளுக்கு அதுவே தகும் என்று தம்பியிடம் தனியே சொல்லியும் வைத்தேன்.

தண்ணீர் லாரி வராத நாட்களுக்கென்று நிரப்பி வைத்திருந்த நீல டிரம்மைத் தூணோடு இறுகக் கட்டி, அதன் விளிம்பில் ஒரு கட்டையைப் பிணைத்து, என் விருப்பத்துக்குரியதை முதலில் மாட்டினோம். அதன் உந்துவிசிறி நீருக்குள் இருந்தது. அவள் இழுத்தாள். அந்தக் கயிறு நேர் முன்னால் மட்டுமே வரும். இடக்கையால் இழுத்தபோது அவள் உடல் திருகி, பாரமெல்லாம் நோயில் தளர்ந்த வலக்காலில் இறங்கியது. தடுமாறியவளை நான் தோளோடு பிடித்துக்கொண்டேன்.

அவள் என் கையை மெல்ல விலக்கினாள். “போட்லயும் இப்படித்தான் பிடிச்சுகிட்டே வருவீங்களா?”

அடுத்து தம்பி இழுத்தான். உடனே கிளம்பிவிட்டது. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்தது. இந்த ஊர் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

“இன்னா சார், போர் போட்டுகினு கீறீங்களா? எங்க வூட்டு ஜன்னலெல்லாம் ஆடுது.”

“போட்டுக்கு எஞ்சின்க்கா,” என்றாள் என் மனைவி.

“ஏரியே காஞ்சி கெடக்குது. போட்டு எங்க வுடப் போற?” என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

மாமா கிளப்பிக் கொடுக்கட்டும், நீ ஓட்டினால் போதாதா என்றான் தம்பி. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“ஸ்டார்ட் பண்ண ஒரு ஆள் வேணும்னா, நான் தனியா எங்கயும் போக முடியாதுடா. இங்க ஒரு வருஷமா அப்படித்தானே இருக்கேன்.”

பழைய இயந்திரத்தை மாட்டினோம். தம்பி சுற்றிக் கொடுத்த கயிற்றை அவள் உருவி எடுத்துவிட்டு, தானே முடிச்சை மாட்டி, தளர்வில்லாமல் இடக்கையால் சுற்றினாள். அந்த விரைவு எனக்கு வியப்பளித்தது. ஆனால் இழுத்தவுடன் முடிச்சு வழுக்கிக் கயிறு வெறுமனே கையோடு வந்துவிட்டது. தம்பி சிரித்தான்.

“அக்கா, இது பம்பரம் இல்ல. தலைகீழா சுத்திட்ட.”

“தெரியும்டா. கைக்குத் தெரியல.”

தம்பி சொல்லி அப்போதுதான் எனக்கு அது தெரிய வந்தது. அவள் பிறவியில் இடக்கைக்காரி. சோற்றுக்கும் எழுத்துக்கும் வலக்கையே வேண்டும் என்று வீட்டாரும் பள்ளியும் சிறுவயதிலேயே மாற்றிவிட்டார்கள். பெரியவர்கள் பார்க்காத கொல்லைப்புறத்தில், தம்பியோடு ஆடிய பம்பரத்தில் மட்டும் அந்தக் கை அதன் போக்கில் இருந்திருக்கிறது. இடக்கைக்காரர் சுற்று எதிர்ப்பக்கமாகப் போகும். இத்தனை ஆண்டு இல்லறத்தில் இதை அவள் சொன்னதில்லை. நோய்க்குப் பின் இடக்கையால் அவள் எழுதிய எழுத்து அவ்வளவு விரைவில் திருந்தியது ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அவள் கயிற்றை மறுபக்கமாக, எண்ணி எண்ணிச் சுற்றினாள். திறந்த சக்கரத்தை எப்பக்கம் நின்றும் இழுக்கலாம். டிரம்மைச் சுற்றி வந்து, நல்ல கால் ஊன்றுவதற்கு வாகான இடத்தில் நின்று, கையால் மட்டுமன்றி உடம்பு முழுவதாலும் பின்னால் சாய்ந்தாள். இயந்திரம் இருமியது. மறுபடியும் சுற்றினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இம்முறை நீலப் புகை எழுந்து, டிரம் குலுங்கி, நீர் பொங்கி என் வேட்டியை நனைத்தது. இயந்திரம் ஓடியது. கயிறு அவள் கையில் தொங்கியது.

சுழலும் சக்கரத்துக்கு மறைப்பே இல்லையே என்று எனக்கு அச்சம். முந்தானை மாட்டிக்கொள்ளும் என்றேன்.

“சுடிதார் போட்டுக்கிறேன். வேற?”

படகில் நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன்.

“முன்னாடி. எஞ்சினும் நானும் பின்னாடி இருப்போம். நீங்க அங்க இருந்தாத்தான் போட் நேரா நிக்கும்.”

மீனவருடைய இயந்திரத்தைத் தம்பி அன்றே திருப்பிக் கொடுக்க எடுத்துச் சென்றான். அவன் கிளம்புமுன் அக்காளும் தம்பியும் வாசலில் பேசிக்கொண்டிருந்த வேளையில் நான் படகில் ஏறி முன்பலகையில் அமர்ந்து பார்த்தேன். அங்கிருந்து எவ்வளவு நீட்டினாலும் என் கை பின்பலகையை எட்டவில்லை. இறங்கிச் சென்று, இடம் சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.