மலர் என்று பேர் வைத்த சர்வர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடிப் பார்க்கச் சோம்பல்படுகிறவன்தான் பேய் என்பான் என்று திமிராகப் பேசிக்கொண்டிருந்தவன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு பழைய சர்வரில் இருந்தது, அதன் பேர் மலர். வைத்தவர் டொமினிக் அண்ணன், படாளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆபரேட்டர். மலர் அவருடைய ஒரே மகள், நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தினமும் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து 'பிங் மலர்' என்று அடிப்பார். இருக்கிறாயா என்று அந்த இயந்திரத்தைக் கேட்கிற கட்டளை அது, இருந்தால் அதன் நெட்வொர்க் எண்ணோடு நாலு வரி பதில் வரும். நாலையும் படித்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

பழையது அடிக்கடி நின்றுபோனதால் புதுசு வாங்கினோம். அதே பேரைப் புதுசுக்கும் வைத்துவிட்டால் வேலை சுலபம், மற்ற கம்ப்யூட்டர்களெல்லாம் அந்தப் பேரைத்தான் தேடும். ஆனால் நான் புதுப் பொறுப்பாளன் இல்லையா, எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எண் போட்ட பேராக மாற்ற முடிவு செய்தேன்.

"சார், மெஷினை மாத்திக்கோ. பேரை மட்டும் வுட்டுடு சார்," என்றார்.

"ஆபீஸ்ல சொந்தப் பேரெல்லாம் வேணாம்ண்ணே."

"இன்னா சார் கெட்டுப்பூடும்? அது பாட்டுக்கு இருந்துகினு போவட்டும்."

நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழையதைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினேன்.

திங்கள் காலை அவர் வழக்கம்போல அடித்தார். நாலு வரி பதில் வந்தது. நம்பினால் நம்புங்கள், பழைய சர்வரின் அதே எண்ணிலிருந்து, புதுசுக்கு நான் கொடுத்திருந்தது வேறு எண். ஓடிப்போய் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தேன், ஒயர்கூட இல்லாமல் கிடக்கிறது. என் கம்ப்யூட்டரில் அடித்தால் அப்படி ஒரு பேரே இல்லை என்கிறது, அவருடையதில் மட்டும் வருகிறது. அதன் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன், அப்போதும் நாலு வரி.

"எனக்கு இது போதும் சார்," என்று சிரித்தார். பயத்தை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், வைரஸ் என்று சொல்லி, அன்றைக்கே அவர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதுசாக ஏற்றினேன்.

மறுநாள் பதில் வரவில்லை. அவர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டாவது தபா போயிட்டா சார்," என்றார். அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை.

அந்த வாரமே வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மகளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் புதைத்தார்கள். டாக்டர் ஆயிரம் காரணம் சொல்லட்டும், என்னால்தான் என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து நேராக ஆபீஸுக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தானோ என்னவோ, மலர் பேரை அடித்தேன். நாலு வரி வந்தது. அடுத்து டொமினிக் என்று அடித்தேன். அந்தப் பேரை அங்கே எந்த இயந்திரத்துக்கும் யாரும் வைத்ததே கிடையாது. அதற்கும் நாலு வரி வந்தது, அதே எண்ணிலிருந்து.

நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்த வேலையை விட்டேன். இப்போது வேறு கம்பெனி. போன மாதம் ஒரு பையன் தன் சர்வருக்கு அம்மா பேரை வைத்திருந்தான், மாற்றிவிடவா சார் என்று கேட்டான். அம்மா இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.